மணற்பாறை விடர்

அமெரிக்க நாட்டின் மேற்பகுதியில் யூட்டா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தென்கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் செந்நிறப் பாறைகளே தோன்றும். அவற்றுட் பல, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகட்கு முன் பாலைவனத்து மணற்குன்றுகளாய் இருந்தவை. காற்றுக் குவித்த மணல் நெடுங்காலம் மண்ணுள் அழுந்தி இறுகிக் கல்லாயிற்று. அக்கல்லைப் பின்னர் நீர் அறுத்தது. எப்போதோ பெய்யும் பெருமழை, மணலையும் கூழாங்கற்களையும் வாரிக்கொண்டு வெள்ளமாய்ப் பாய்ந்து, பாறையை அரம்போல் அராவிச் செல்லும். அவ்வாறு அமைந்த குறுகிய பிளவுகள் அங்கே மிகப் பல. மலைப்பிளவினை விடர் என்பது பழந்தமிழ் வழக்கு. இவற்றிற்கும் அப்பெயர் நன்கு பொருந்தும். சில விடர்களில் இரு கைகளையும் விரித்தற்கு இடமிராது. நிமிர்ந்து நோக்கின் வானம் நீல நூல்போல் தோன்றும்.

இத்தகைய விடரை மேலிருந்து இறங்கிக் கடத்தலை ஊக்கமுடையார் சிலர் விருப்புடன் மேற்கொள்வர். இடையிடையே செங்குத்தான சரிவுகள் எதிர்ப்படும். அங்கே மரத்திலோ பெரும்பாறையிலோ வலிய வாரினைக் கட்டி, அதிற் கோத்த வளையத்தினூடே கயிற்றை இரட்டையாகத் தொங்கவிடுவர். இடுப்புக் கச்சையிற் பூட்டிய உலோகக் கருவியுள் கயிறு உராய்ந்து செல்லுதலின் விரைவு அடங்கும். யாவரும் இறங்கியபின் ஒரு முனையைப் பற்றி இழுப்பின், கயிறு முழுதும் கீழே வந்துவிடும். அடுத்த சரிவிற்கு அதுவே வேண்டும். ஆயின், அக்கணமே வந்த வழி அடைபட்டது! முன்சென்று மறுவாயிலை அடைந்தே வெளியேற வேண்டும். ஆதலின் கயிற்றை இழுக்குமுன், நீர் போதுமா, அடுத்த சரிவிற்குக் கயிறு எட்டுமா, தொலைவில் மேகம் திரண்டுளதா என்றெல்லாம் எண்ணிப் பார்ப்பர். பல மைல்களுக்கப்பால் பெய்த மழையும், தெளிந்த வானின்கீழ் வெள்ளமாய் வந்து விடரை நிரப்பிவிடும். இவற்றிற்கெல்லாம் முன்னதாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. எவ்விடம் செல்கிறோம், எந்நாள் மீள்வோம் என்பதை ஒருவர்க்கேனும் சொல்லிச் செல்லுதலே அது.

ஏரன் ரால்ஸ்டன் என்னும் 27 வயது இளைஞர் அதனைச் சொல்லாமற் சென்றார். மலையேற்றத்தில் நன்கு பழகியவர் அவர். 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், புளூஜான் என்னும் விடரினுள் தனியராய் இறங்கினார். இடுக்கில் சிக்கி நின்ற பாறையொன்று பெயர்ந்து, அவரது வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்தது. கத்தியாற் செதுக்கியும் கயிற்றால் இழுத்தும் அது அசையவில்லை. கையிருந்த நீரோ மிகச் சிறிது; கூவினும் கேட்பாரில்லை. ஐந்து நாட்கள் கழிந்தன. மே 1ஆம் நாள், அவர் முன்கை எலும்புகளைத் தாமே முறித்து, மழுங்கிய சிறு கத்தியால் கையை அறுத்து விடுபட்டார்.

விடுபட்டும் துன்பம் தீரவில்லை. எதிரே ஏறத்தாழ 65 அடிச் சரிவு. ஒற்றைக் கையாற் கயிற்றைப் பூட்டி அதனை இறங்கினார். பின்னர் வெயில் காயும் மணற்படுகையில் பல மைல் நடந்தார். அவரது வண்டி நின்ற இடத்தை அடைய, இறுதியில் எழுநூறு அடிக்குமேல் மலைச்சரிவில் ஏறவேண்டும். குருதி ஒழுக நடப்பவர்க்கு அவ்வேற்றம் இயலுவதோ? நற்காலமாக, நெதர்லாந்து நாட்டுக் குடும்பத்தினர் வழியில் எதிர்ப்பட்டு நீரும் உணவும் அளித்தனர். அவர் பணிக்கு வாராமை கண்ட நண்பர்களும், அவர்தம் அன்னையும் முயன்றமையால், தேடுவோர் முன்னரே புறப்பட்டிருந்தனர். அவர்களது ஹெலிகாப்டர் படுகையில் இறங்கி அவரை ஏற்றிச் சென்றது.

விடரினுள் கிடந்த கையை மீட்பதற்குப் பின்னர்ப் பலர் கூடிச் சென்றனர். தனியொருவரால் அசைக்கலாகாத அப்பாறையை, அவர்கள் பொறிகளின் துணைகொண்டே அகற்றினர்.