எல்லோரும் குடிக்கிறார்களா?

பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோரின் பயங்களில் ஒன்று குடி. "விடுதிக்குப் போனால் எல்லாரும் குடிப்பாங்கள்" என்ற பேச்சை யாழ்ப்பாணத்தில் சாதாரணமாகக் கேட்கலாம். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லைத்தான் இங்கே ஆராயப் போகிறேன். பயத்தில் சொல்லப்படும் இந்த வார்த்தை, கேட்கும் மாணவனுக்கு அனுமதி போலவும் படலாம் அல்லவா?

1986இல் பேர்கின்ஸ், பேர்கோவிற்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலக் கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். பெரும்பாலானோர் அளவுமீறிய குடியை விரும்பவில்லை. ஆனால் மற்றவர்கள் விரும்புகிறார்கள் என்றே அவர்கள் நம்பினார்கள். தன்னைப் போலவே பக்கத்து அறைக்காரனும் தயங்குகிறான் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. குடிக்கிறவர்களின் சத்தம் விடுதி முழுவதும் கேட்கும். படித்துவிட்டுத் தூங்கப் போனவரை யார் கவனிக்கிறார்கள்?

வட இலினோய் பல்கலைக்கழகம் இதை நடைமுறையில் சோதித்துப் பார்த்தது. முதலில் மதுவின் தீமைகளை எடுத்துச் சொன்னார்கள், பலனில்லை. பிறகு மாணவர்களின் சொந்தக் கணக்கையே சுவரொட்டிகளில் போட்டார்கள்: பெரும்பாலானோர் ஒரு விருந்தில் ஐந்து கிளாசுக்கு மேல் குடிப்பதில்லை என்று. ஏறக்குறைய பத்து வருடங்களில் அளவுமீறிக் குடிப்போர் நூற்றுக்கு 43 பேரிலிருந்து 25 பேராகக் குறைந்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு குறைவு எதையும் காணவில்லை. சுவரொட்டி மட்டும் போதாது என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் நாட்டில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவானது. 2015இல் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வின்படி, முந்தைய மாதத்தில் மது அருந்திய ஆண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியானால் குடிக்காதவர்தான் பெரும்பான்மை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவும் முடியாது. முதலாம் வருட மாணவர் சிலருக்கு அந்த வயதே ஆகியிருக்காது.

பழக்கம் படிப்படியாக மாறும் என்பது எமக்குப் புதிய செய்தியல்ல. மது ஒரே நாளில் ஹராமாக்கப்படவில்லை. அதன் பயனைவிடப் பாவம் பெரிது என்று முதலில் சொல்லப்பட்டது. அடுத்து, போதையோடு தொழுகையை நெருங்கத் தடை வந்தது. ஐவேளை தொழுபவருக்குக் குடிக்க எஞ்சும் நேரம் எவ்வளவு? அதன் பிறகே முழுத் தடை. அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடியதாக ஹதீஸ் கூறுகிறது. பக்கத்து வீட்டாரும் ஊற்றுவதை ஒவ்வொருவரும் கண்ணால் கண்டார்கள்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் அந்த முதல் அடியை வைக்கக்கூடியவர்கள் சிரேஷ்ட மாணவர்கள்தான். புதியவர்களை வரவேற்கும் விருந்தில் குடிக்காத அண்ணாமார் நான்கு பேர் கையில் நெக்டோவோடு கடைசிவரை இருந்தால், தயங்கி நிற்கும் பையனுக்கு அவர்கள் பக்கத்தில் ஓர் இடம் கிடைக்கும். வீட்டில் பெற்றோரும் "குடிச்சியா?" என்று விசாரிப்பதோடு நிற்காமல், "உன்ர அறையில குடிக்காத பிள்ளைகள் எத்தனை பேர்?" என்றும் கேட்கலாம். அநேகமாக, அவன் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கமாட்டான்.