பஞ்சரத்ன கோஷ்டியில் பெண் குரல்

உங்கள் தெருக் கோயிலிலோ, பஜனை மண்டலியிலோ நாலைந்து தோழிகளோடு உட்கார்ந்து தியாகராஜர் கீர்த்தனைகளைப் பாடியிருப்பீர்கள். ஜனவரி மாதத்தில் திருவையாறு ஆராதனையை டி.வி.யில் பார்த்தபடியே, அடுப்படியில் இருந்து கூடவே முணுமுணுத்தும் இருப்பீர்கள். ஒரு பக்கம் ஆண் வித்வான்கள், எதிரே பெண் வித்வான்கள், நடுவே சுவாமிகளின் சந்நிதி. பார்ப்பதற்கே மங்களகரமான அந்தக் காட்சியில் பெண்களின் வரிசை எப்போது வந்தது தெரியுமா?

1941-க்கு முன்பு அப்படி ஒரு வரிசையே கிடையாது!

தியாகராஜ சுவாமிகள் திருவாரூரில் 1767-ல் அவதரித்து, 1847 ஜனவரி 6-ம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமி நாளில் திருவையாற்றில் ஸித்தி அடைந்தார். முதல் நாள்தான் சந்நியாசம் வாங்கிக் கொண்டிருந்தார் என்பார்கள். காவிரிக் கரையில் அவருக்கு ஒரு பிருந்தாவனம் அமைத்தார்கள். சிஷ்யர்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். வீட்டில் திதி நடந்ததே தவிர, பிருந்தாவனத்தைப் புதர் மூடியது. அதைத் தேடிக் கண்டு சீர்செய்தவர்கள் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும். 1903-வாக்கில் நடந்தது இது.

பிறகு தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெரிய அளவில் எடுத்து நடத்தினார்கள். அண்ணன் தம்பிகள்தான், ஆனால் மனஸ்தாபம் வந்து, 'பெரிய கட்சி', 'சின்ன கட்சி' என்று இரண்டாகப் பிரிந்தது உற்சவம். ஒரே மகானுக்கு இரண்டு கோஷ்டிகள்! இவர்கள் ஒன்று சொன்னால் அவர்கள் வேறு சொல்வார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம்: சந்நிதியில் பெண்கள் பாடக் கூடாது.

இந்தச் சமயத்தில்தான் பெங்களூர் நாகரத்தினம்மா வருகிறார்.

1878-ல் மைசூர் ராஜ்யத்து நஞ்சன்கூட்டில், தேவதாசி குலத்தில் பிறந்தவர். சங்கீதம், சமஸ்கிருதம், ஹரிகதை எல்லாம் கற்றவர். சென்னைக்கு வந்து, கச்சேரிகளில் பெரும் புகழும் பொருளும் சேர்த்தார். அந்நாளில் வருமான வரி கட்டிய பெண் கலைஞர் என்று இன்றும் வியப்போடு சொல்வார்கள். 1921-ல் அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா ஒரு கடிதம் எழுதினார். 'திருவையாற்றில் சுவாமிகளின் சமாதி பார்க்கச் சகிக்காத நிலையில் இருக்கிறது. நீ ஏதாவது செய்யக் கூடாதா?' என்பது அதன் சாரம்.

அவ்வளவுதான்! நாகரத்தினம்மா இடத்தை வாங்கினார். அதே 1921 அக்டோபரில் அஸ்திவாரம் போட்டாயிற்று. நகைகள் போயின, சொத்து போயிற்று. 1925 ஜனவரியில் சந்நிதிக்குக் கும்பாபிஷேகம். நித்ய பூஜைக்கும் அவரே ஏற்பாடு செய்தார். சுவாமிகளின் மேல் சமஸ்கிருதத்தில் அஷ்டோத்திர நாமாவளியும் இயற்றினார்.

ஆனால், ஆராதனையில் ஹரிகதை சொல்ல அனுமதி கேட்டபோது கிடைக்கவில்லை. கட்டடம் கட்ட அவர் பணம் வேண்டும், பாட அவர் குரல் வேண்டாம்! நம் வீடுகளிலும் இப்படி எத்தனையோ உண்டு. பட்சணம் முழுவதும் நம் கையால், பந்தியில் நமக்குக் கடைசி இலை.

அவர் அழுதுகொண்டு திரும்பிவிடவில்லை. 1920-களின் பிற்பகுதியில், சந்நிதிக்குப் பின்புறத்தில் தேவதாசிக் கலைஞர்களைத் திரட்டித் தனியாகவே ஓர் ஆராதனையைத் தொடங்கிவிட்டார். ஊரார் அதற்கு 'பெண்கள் கட்சி' என்று பெயர் வைத்தார்கள். முன்புறம் இரண்டு, பின்புறம் ஒன்று என மூன்று ஆராதனைகள்! ஏறக்குறைய பதினைந்து வருடங்கள் இப்படியே ஓடின.

எஸ்.ஒய்.கிருஷ்ணசுவாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரியும், முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்ற வித்வான்களும் முயற்சி எடுத்து, 1940-ல் கட்சிகளை ஒன்று சேர்த்தார்கள். மறு வருடம் ஒரே உற்சவம். பெண்களுக்கும் முன்புறத்தில் இடம். அப்போது நாகரத்தினம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னம் பாடும் வழக்கமும் இந்த ஒற்றுமைக்குப் பிறகுதான் நிலைபெற்றது. இதை ஏதோ தியாகராஜர் காலத்திலிருந்தே வருவதாகப் பலர் நினைக்கிறோம். உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்று மூன்று சிஷ்ய பரம்பரைகள். ஒவ்வொருவர் பாடாந்தரமும் கொஞ்சம் வேறு. தனிக் கச்சேரியில் அது அழகு. ஐம்பது, நூறு பேர் சேர்ந்து பாடும்போது ஒரு சங்கதி முன்னே பின்னே போனாலும் குழப்பம்தான். அதனால் கோஷ்டியில் உட்காருகிறவர், தனக்குத் தெரிந்த கூடுதல் சங்கதிகளைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். கச்சேரி மேடையில் கற்க முடியாத பாடம் இது!

நீங்களும் பஞ்சரத்னம் கற்க ஆசைப்பட்டால், ஒரு சின்ன யோசனை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்பது கோஷ்டியில் பாடும் வரிசை. ஐந்துமே ஆதி தாளம். இந்த வரிசையிலேயே கற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பலரும் ஸ்ரீ ராகத்து 'எந்தரோ மஹானுபாவுலு'வில் தொடங்குவதுண்டு; கேட்டுக் கேட்டுக் காதில் பதிந்திருப்பதால் சுலபமாக வரும். சரணங்களில் முதலில் ஸ்வரம், பிறகு அதே மெட்டில் சாகித்யம் என்று அமைந்திருப்பதால், ஸ்வரத்தைத் தாளம் போட்டு நன்றாக மனனம் செய்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'ஜகதானந்த காரக' சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. அர்த்தத்தைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். நாட்டைக் கீர்த்தனையில் ராமனுக்கு 108 நாமாக்கள் என்று சொல்வது வழக்கம். பாட வராத நாளில் அதை வாசித்தாலே நாமஜபம் ஆகிவிடும்.

வராளியை மட்டும் குரு நேராகச் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்தால் குரு, சிஷ்யை உறவு கெடும் என்பது சம்பிரதாயம். பிறர் பாடக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அதற்குக் கோஷ்டியை விட்டால் வேறு நல்ல இடம் ஏது?

இன்று திருவையாற்றுக்கு வெளியேயும் இந்தக் கோஷ்டி பரவிவிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 1978 முதல் ஆராதனை நடக்கிறது. நம்மூர்ச் சபாக்களிலும் கோயில்களிலும் நடப்பவற்றுக்குக் கணக்கே இல்லை. அங்கெல்லாம் போய்ப் பாருங்கள், பெண்களின் குரல்தான் தூக்கலாகக் கேட்கும்!

நாகரத்தினம்மா 1952 மே மாதம் திருவையாற்றிலேயே காலமானார். சந்நிதியில் ஆண், பெண் பேதமின்றி எல்லோரும் வழிபடவும் பாடவும் இடம் இருக்க வேண்டும் என்று உயில் எழுதி, தன் சொத்தை அதற்கே வைத்துவிட்டுப் போனார்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஐயாறப்பரையும் அறம் வளர்த்த நாயகியையும் தரிசித்துவிட்டு காவிரிக் கரைக்கு வாருங்கள். தியாகராஜ சுவாமிகளை வணங்கியதும் அவசரமாகத் திரும்பிவிடாதீர்கள். அருகிலேயே, அவர் சந்நிதியைப் பார்த்தபடி நாகரத்தினம்மாவின் சிலை இருக்கிறது. அங்கேயும் கொஞ்சம் பூ வைத்து, உங்களுக்குத் தெரிந்த கீர்த்தனை ஒன்றைப் பாடிவிட்டு வாருங்கள்.