வகுப்பதற்கு முன் மூன்று கேள்விகள்

அன்புள்ள யாழினிக்கு,

நொடிக்கு 1 மெகாபைட் வேகத்துக்கு எத்தனை இ-1 லைன் வேண்டும் என்று கேட்டிருந்தாய். 80 லட்சம் பிட்டை 20,48,000ஆல் வகுத்தேன், 3.906 வந்தது, நாலு என்று எழுதிவிடலாமா என்கிறாய். வகுத்தது சரி. ஆனால் நாலு லைன் போதாது.

காரணம் புரிய, இ-1 எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். அது பிறந்தது தொலைபேசிப் பேச்சுக்காக. குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை அனுப்பினாலே பேசுவது விளங்கும். கொஞ்சம் இடம் விட்டு 4,000 என்று வைத்துக்கொண்டார்கள். ஓர் அலையை எண்ணாக்கி, மறுமுனையில் மீண்டும் அலையாக்க, உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்கு முறையாவது அதை அளக்க வேண்டும். ஆகவே நொடிக்கு 8,000 அளவுகள். ஒவ்வொன்றுக்கும் 8 பிட். ஒரு பேச்சுக்கு 64,000 பிட், அதாவது 64 கிலோபிட். பழைய லைன் கணக்கு எல்லாமே இந்த 64 மேல்தான் நிற்கிறது.

இப்படி 64 கிலோபிட் கொண்ட ஒவ்வோர் இடமும் ஒரு ஸ்லாட். 32 ஸ்லாட் சேர்ந்தால் ஓர் இ-1: 2,048 கிலோபிட். அதில் 0ஆவது ஸ்லாட் இரு முனைகளையும் ஒத்துப்போகச் செய்ய. 16ஆவது, அழைப்பு வருகிறது, முடிகிறது என்று சொல்லும் சைகைக்கு. மிச்சம் 30 பேச்சு. பி.ஆர்.ஐ. என்ற பெயரில் ஓர் இ-1 லைன் எடுத்த அலுவலகத்தில் ஒரே நேரத்தில் 30 பேர் பேச முடிவது இதனால்தான்.

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இ-1. அமெரிக்காவில் 1962இல் பெல் நிறுவனம் கொண்டுவந்த டி-1 வேறு கணக்கு: 24 பேச்சுக்கு 192 பிட், ஒத்திசைவுக்கு 1 பிட், ஆக 193. அதை 8,000ஆல் பெருக்கினால் 15,44,000. எனவே எந்த நாட்டு ஆவணம் என்று முதலில் பார்த்துக்கொள். பிறகு மூன்று கேள்விகள் கேள்.

ஒன்று, பிட்டா பைட்டா? கோப்பை இறக்கும் மென்பொருள் பெரும்பாலும் பைட்டில் காட்டும். லைன் எப்போதும் பிட்டில்தான். 8ஆல் பெருக்க மறக்காதே.

இரண்டு, ஆயிரமா 1,024ஆ? தொலைத்தொடர்பில் கிலோ என்றால் ஆயிரமேதான். ஆனால் சில மென்பொருள்கள் 10,48,576 பைட்டை ஒரு மெகாபைட் என்று எண்ணும். அப்படியானால் உன் விடை 4.096, வெறும் வகுத்தலிலேயே ஐந்தாவது லைன் வந்துவிடுகிறது.

மூன்று, மொத்தமா, பயன்படுவதா? அரிசி மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையும் சேர்ந்துதான் வரும். 2,048 என்பது சாக்கோடு சேர்ந்த எடை. உன் 80 லட்சம் பிட்டை 64,000ஆல் வகுத்துப் பார்: சரியாக 125 ஸ்லாட். தரவுக்கு மட்டும் லைனைப் பயன்படுத்தினால் 0ஆவது ஸ்லாட் போக 31 மிஞ்சும். நாலு லைனுக்கு 124. ஒரே ஒரு ஸ்லாட் இடிக்கிறது!

0ஆவது ஸ்லாட்டையும் ஒதுக்காமல் 32 ஸ்லாட்டையும் எடுத்தால் 128 கிடைக்குமே என்பாய். அங்கேயும் ஒரு சிக்கல். இணையத் தரவு பாக்கெட்டாகப் போகிறது. 1,500 பைட் பாக்கெட்டில் ஹெடருக்கு 40 பைட் போனால் உன் கோப்புக்குக் கிடைப்பது 1,460. அந்த விகிதத்தில் 125 ஸ்லாட், 128.4 ஆகிவிடுகிறது. அதற்கும் நாலு லைன் பற்றவில்லை. விடை ஐந்து.

இங்கே தசமத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்கும் பள்ளிக்கூட விதி செல்லாது. 4.03 வந்தாலும் ஐந்துதான். எப்போதும் மேலே ஏற்று. 64இன் மடங்குகளாகப் பகுதி லைன் கிடைக்கும் இடத்தில் மட்டும் ஸ்லாட் கணக்கில் நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்த கடிதத்துக்கு ஒரு கணக்கு தருகிறேன். எஸ்.டி.எம்.-1 இணைப்பின் வேகம் 155.52 மெகாபிட். 2.048ஆல் வகுத்தால் 75 லைன் ஏறும்போலத் தெரியும்; உண்மையில் ஏறுவது 63தான். அந்த 63 லைனும் எத்தனை மெகாபிட், மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்த மிச்சம் எதற்குச் செலவாகிறது என்று தேடி எழுது.

அன்புடன்,
சித்தப்பா