ஏலக்காய் பிராண்டுக்கு ஆன்லைனில் ஆள் சேர்ப்பது எப்படி? போடியிலிருந்து தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடக்கிறது. அங்கே விலை கேட்கும் வியாபாரிக்குச் சரக்கைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை. இன்ஸ்டாகிராமில் 100 கிராம் பாக்கெட் வாங்குகிற சென்னைக்காரருக்குத்தான் காய் பார்க்கத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்கிற பக்கத்துக்கு ஆள் சேரும். "ஆஃபர், ஆஃபர்" என்று கத்துகிற பக்கத்தை விரல் தள்ளிவிட்டுப் போய்விடும்.

படி 1: பக்கத்தை அமையுங்கள்

இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்காகவே தொடங்குங்கள். எந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள், சேமித்தார்கள் என்ற கணக்கு அதில் கிடைக்கும். அறிமுக வரியில் ஊர், என்ன விற்கிறீர்கள், எப்படி ஆர்டர் செய்வது என்ற மூன்றும் இருந்தால் போதும். வாட்ஸ்அப் பிசினஸில் ரகம், எடை, விலையோடு கேட்லாக் போட்டு, அதன் இணைப்பை அறிமுக வரியிலேயே கொடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாமல் பாக்கெட் போடாதீர்கள்.

படி 2: காயைக் கிட்டத்தில் காட்டுங்கள்

முதல் ரீலுக்கு ஒரு சல்லடையும் ஒரு கைப்பிடி காயும் போதும். சலித்ததும் 7 எம்எம் காய் மேலே நிற்கும், சின்னது கீழே விழும். மேலே நின்றதில் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து கேமரா முன் பிடியுங்கள். விதை கருத்து, பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் விளைந்த காய், வெளுத்திருந்தால் பிஞ்சு. தோல் பச்சையாக இருந்தாலே நல்ல காய் என்று நம்புகிறவர்கள் ஏராளம். செயற்கை நிறம் ஏற்றிய காயும் சந்தையில் உண்டு என்பதால், ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டும் ரீலும் ஒன்று போடுங்கள்.

படி 3: மலையின் பருவத்தையே அட்டவணையாக்குங்கள்

என்ன பதிவு போடுவது என்று திணற வேண்டியதில்லை. கோடையில் பூ, மழைக்காலத்தில் நடவு, அதன்பின் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாகக் காய் எடுப்பு. பறித்த பச்சைக்காய் ஸ்டோருக்கு (உலர்த்தும் கூடம்) போய் உலர்வதைத் தனித் தொடராகவே எடுக்கலாம். நாலைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். தட்டில் பரப்பிய காயையும் மறுநாள் எடுத்த காயையும் தராசில் வைத்துக் காட்டினால், விலை ஏன் இப்படி என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

போடிமெட்டு தாண்டினால் பல இடங்களில் சிக்னல் நிற்காது. மேலே படம் பிடியுங்கள், கீழே வந்து பதிவேற்றுங்கள். வேலை செய்பவர்களைப் படம் எடுக்குமுன் சம்மதம் கேளுங்கள்.

படி 4: ஒரே ஆள், ஒரே குரல்

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ் யூடியூப் சேனல்களில் அதுதான் முதல். ஸ்டுடியோ கிடையாது, வயல்வெளி, பெரிய பாத்திரங்கள், மாறாத அதே ஆட்கள். உங்கள் பக்கத்திலும் அம்மாவோ தம்பியோ, யாராவது ஒருவர் தொடர்ந்து பேசட்டும். வாரம் மூன்று பதிவு முடியும் என்றால் மூன்று. ஆனால் அதை விடாதீர்கள்.

படி 5: கமெண்டுக்குப் பதில் எழுதுங்கள்

"விலை என்ன?" என்று கேட்டவருக்கு "இன்பாக்ஸ் பாருங்க" என்று பதில் போட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள்: "அக்கா, படத்தில இருக்கிறது 7 எம்எம். பாயசத்துக்குத் தட்டிப் போட 6 எம்எம்மே போதும், விலையும் குறைவு." மலிவானதைச் சொன்ன கடைக்காரரை அக்கா மறக்க மாட்டார். பலர் கேட்கும் கேள்வி எதுவோ, அதுவே அடுத்த ரீல்.

படி 6: விலையை மறைக்காதீர்கள்

2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அப்படி ஏறும்போது சத்தமில்லாமல் விலையை மாற்றினால் வாடிக்கையாளர் ஏமாற்று என்றே நினைப்பார். வாரியம் அன்றாட ஏலத்தின் சராசரி விலையையும் உச்ச விலையையும் வெளியிடுகிறது. வாரம் ஒருமுறை அதை ஸ்டோரியில் போட்டு, தரம் பிரிப்பு, பாக்கெட், கூரியர் சேர்ந்து உங்கள் விலை எப்படி வருகிறது என்று எழுதுங்கள்.

படி 7: சரியான கணக்கைப் பாருங்கள்

ஃபாலோயர்களை விலைக்கு வாங்காதீர்கள். அவர்கள் பாயசம் வைக்கப் போவதில்லை. மாதக் கடைசியில் மூன்றை மட்டும் குறியுங்கள்: சேமிக்கப்பட்ட பதிவுகள், கேள்வியோடு வந்த கமெண்டுகள், இரண்டாம் முறை வாங்கியவர்கள். லைக் ஏறியும் மூன்றாவது எண் அசையாவிட்டால் கோளாறு ரீலில் இல்லை, பாக்கெட்டுக்குள் இருக்கிறது. முதலில் காயைச் சரிபாருங்கள்.