மௌனத்துக்குப் பிறகு யாரிடம் கேட்பது?

கேள்வி: நான் பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். இப்போது இங்கிலாந்தில் லெஸ்டருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வருடமாக ஞாயிறு காலையில் குவேக்கர்களின் ஆராதனைக்குப் போகிறேன். ஆயர் கிடையாது, பிரசங்கம் கிடையாது, பாட்டும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் மௌனம். இரவு டியூட்டி முடித்து வருகிறவளுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. கூட்டம் முடிந்தால் டீ, பிஸ்கட், மழை பெய்யுமா என்ற பேச்சு. ஊரில் இரண்டு வாரம் கோயிலுக்குப் போகாவிட்டால் மூன்றாவது வாரம் நாலு பேர் வீட்டுக்கு ஜெபிக்க வந்துவிடுவார்கள். இங்கே என் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. போதாக்குறைக்கு, பல வருடமாக வருகிற ஒரு பெரியவர் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று சாதாரணமாகச் சொன்னார். வார்டு வேலையை விட்டு ஹாஸ்பைஸில், சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகலாமா என்று ஒரு குழப்பம் வேறு. இதையெல்லாம் யாரிடம் கேட்பது? கூட்டத்தில் எழுந்து தமிழில் ஜெபிக்கத் தோன்றுகிறது, செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒருவரும் கேட்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் யாரிடமாவது கேட்டீர்களா? குற்றமாகச் சொல்லவில்லை, சகோதரி. பாளையங்கோட்டையில் கேட்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கேட்காமலே வந்து நிற்பார்கள், சில நேரம் வேண்டாம் என்றாலும் வந்து நிற்பார்கள். பிரிட்டன் குவேக்கர்களிடம் கதை நேர் எதிர். அடுத்தவருடைய மனசுக்குள் அழைப்பு இல்லாமல் நுழையக் கூடாது என்பது அவர்கள் காட்டும் மரியாதை. அதில் பாதி கொள்கை, பாதி ஆங்கிலேயக் கூச்சம் என்பது என் கணிப்பு. அந்த மரியாதை அளவு மீறிப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உடைந்துபோயிருப்பதுகூடத் தெரியாமல் போவது உண்டு. அதை அவர்களுடைய குறையாகத்தான் எண்ணுகிறேன். ஆனால் வாய் திறந்து கேட்டுவிட்டால், அவர்கள் ஒதுக்குகிற நேரத்தையும் கொடுக்கிற கவனத்தையும் பார்த்து நீங்களே திகைத்துப்போவீர்கள்.

ஆயர் இல்லை என்பதும் பாதி உண்மைதான். ஆயருடைய வேலை இருக்கிறது, ஒரே ஆளிடம் இல்லை, அவ்வளவுதான். எல்டர்கள் என்று சிலர் இருப்பார்கள். ஆராதனை எப்படி நடக்கிறது, வருகிறவர்கள் உள்ளே வளர்கிறார்களா என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. நோய், துக்கம், தனிமை, பணக்கஷ்டம் இவற்றைக் கவனிக்க வேறு சிலர். ஓவர்சியர் என்ற பழைய பெயரைப் பல இடங்களில் இப்போது பாஸ்டரல் ஃபிரெண்ட் என்று மாற்றிவிட்டார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. மூன்று வருடத்துக்கு நியமிப்பது வழக்கம். ஆராதனை முடிவில் முதலில் கைகுலுக்கி முடித்து வைக்கிறாரே, அவர் பெரும்பாலும் எல்டராக இருப்பார். அடுத்த ஞாயிறு டீ நேரத்தில் அவரிடம் போய், “என் ஆவிக்குரிய வாழ்க்கையைப் பற்றி உங்களோடு தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டும், எந்த நாள் வசதி?” என்று கேளுங்கள். இதே மாதிரி நேரடியாக. “எப்போதாவது பேசலாம்” என்று சொன்னால், அந்த ஊரில் அது மழைப் பேச்சோடு சேர்ந்து கரைந்துபோகும்.

ஹாஸ்பைஸ் விஷயத்துக்கு அவர்களிடம் தனியாக ஒரு முறையே இருக்கிறது. கிளியர்னஸ் கூட்டம் என்பார்கள். திருமணம் செய்ய விரும்பும் ஜோடிக்கு வேறு வாக்குறுதியோ தடையோ இல்லையா என்று விசாரிக்க, பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய ஏற்பாடு. இன்று வேலை, இடமாற்றம், மணமுறிவு என்று எந்தக் குழப்பத்துக்கும் கூட்டுகிறார்கள். அமெரிக்கக் குவேக்கர் எழுத்தாளர் பார்க்கர் பாமர் இதைப் பற்றி எழுதியதால் குவேக்கர் அல்லாதவர்களும் இதை அறிவார்கள். நீங்கள் நம்புகிற நாலைந்து பேரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குழப்பம் என்ன என்பதை ஓரிரு பக்கம் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பிறகு உங்களைச் சுற்றி இரண்டு மூன்று மணி நேரம் உட்காருவார்கள்.

வருகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கேள்வி மட்டும்தான் கேட்கலாம், புத்தி சொல்லக் கூடாது. “முதலில் உன் மேலதிகாரியிடம் பேசிப் பார்க்கலாமே?” என்பது கேள்வி வேடம் போட்ட புத்திமதி, அதற்கும் இடமில்லை. “எந்த நோயாளியின் பக்கத்தில் இருந்தபோது டியூட்டி முடிந்தும் கிளம்ப மனம் வரவில்லை?” என்பது போல, கேட்பவருக்கே பதில் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். அழுதால் அழ விடுவார்கள். அங்கே பேசியது வெளியே போகாது. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு முதல் அரை மணி நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும், ஒருவராவது போ என்றோ போகாதே என்றோ சொல்லித் தொலைக்க மாட்டாரா என்று. சொல்ல மாட்டார்கள். அன்றே முடிவு கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஆனால் உங்களுக்குள் எது பயம், எது அழைப்பு என்று பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.

ஆவியானவர் ஒவ்வொருவருக்குள்ளும் நேராகப் பேசுகிறார் என்று நம்புகிறவர்களுக்கு இத்தனை பேர் எதற்கு என்று தோன்றலாம். அதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. இந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் உங்கள் லெஸ்டர்ஷைர்க்காரர்தான், 1624-இல் ஃபென்னி டிரேட்டன் கிராமத்தில் பிறந்தவர். அவருக்கு இணையாக ஜனங்களை ஈர்த்தவர் ஜேம்ஸ் நெய்லர். 1656 அக்டோபரில் நெய்லர் குதிரையேறி பிரிஸ்டலுக்குள் நுழைந்தார். இயேசு எருசலேமுக்குள் பவனி வந்ததைப் போல, கூட வந்தவர்கள் கொட்டும் மழையில் பாடிக்கொண்டே போனார்கள். இது ஓர் அடையாளச் செயல் மட்டுமே என்று நெய்லர் சொன்னது எடுபடவில்லை. பார்லிமென்ட் அதைத் தேவதூஷணம் என்றது. அவர் நாக்கைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்தார்கள், நெற்றியில் சூடு போட்டார்கள். ஒருவருக்கு உள்ளே கேட்ட குரலை மற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு குவேக்கர்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

அடிமை முறைக்கு எதிராக ஊர் ஊராக நடந்த நியூ ஜெர்சி தையல்காரர் ஜான் உல்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1763-இல் எல்லைப் பகுதியில் சண்டை நடந்துகொண்டிருந்த வேளையில், பென்சில்வேனியாவின் வயலூசிங் என்ற இடத்தில் இருந்த பூர்வகுடி மக்களைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவருக்கு ஓர் உந்துதல். அதைத் தன் ஊர்க் கூட்டத்திலும், அதற்கு மேலுள்ள கூட்டங்களிலும் வைத்து, அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகே கிளம்பினார். அவ்வளவு பெரிய ஆத்துமாவே கேட்டுவிட்டுத்தான் போனது.

ஐக்கியம் வேண்டும் என்றால் ஞாயிறு ஒரு மணி நேரம் போதாது. அவர்களுடைய நிர்வாகக் கூட்டத்துக்குப் போங்கள். நீங்கள் இன்னும் உறுப்பினர் இல்லை என்றால், அந்தக் கூட்டத்தை நடத்துகிற கிளார்க்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். கூரை ஒழுகுவதைப் பற்றித்தான் பேசுவார்கள், கொட்டாவி வரும். ஆனால் அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. பெரும்பான்மை சிறுபான்மையைத் தோற்கடிப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து எங்கே வந்து நிற்கிறார்கள் என்பதைக் கிளார்க் அங்கேயே எழுதி, வாசித்து, ஒப்புதல் கேட்பார். ஒத்துவராவிட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். எதிர்க்கருத்து சொல்கிறவரை இவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதில் தெரிகிற ஆன்மிகம் ஞாயிறு மௌனத்தில்கூடத் தெரியாது. மனிதர்களும் அங்கேதான் நெருக்கமாவார்கள். டீ பரிமாறும் முறைப்பட்டியலில் பெயர் கொடுப்பதும் நல்லது.

சிறு குழுக்களும் உண்டு. ரெக்ஸ் ஆம்ப்ளர் என்ற பர்மிங்ஹாம் இறையியலாளர், ஃபாக்ஸின் பழைய எழுத்துகளைத் துருவி, 1990-களில் ‘எக்ஸ்பெரிமென்ட் வித் லைட்’ என்ற தியான முறையை உருவாக்கினார். நம் வாழ்க்கையில் உறுத்துகிற ஒன்றை, தப்பித்து ஓடாமல், வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிற பயிற்சி. அதன் குழு உங்கள் பக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1903 முதல் பர்மிங்ஹாமில் இருந்த உட்புரூக் என்ற குவேக்கர் கல்வி மையம் (1931-இல் காந்தி தங்கிய இடம்) 2023-இல் அந்தக் கட்டடத்தை விட்டுவிட்டாலும் இணையவழி வகுப்புகளைத் தொடர்ந்தது, இரவு டியூட்டிக்காரருக்கு அது ஒருவகையில் வசதி. படிக்க ஒரே புத்தகம் சொல்லச் சொன்னால் தாமஸ் கெல்லியின் ‘எ டெஸ்டமென்ட் ஆஃப் டிவோஷன்’. ஹார்வர்டு டாக்டர் பட்ட வாய்மொழித் தேர்வில் மனம் வெறுமையாகித் தோற்றுப்போன மனிதர். அந்தத் தோல்விக்குப் பிறகு எழுதியவை, அவர் இறந்த 1941-இல் நூலாக வந்தன. ஐக்கியத்தைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் வாசியுங்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாத பெரியவரைப் பற்றி: பிரிட்டன் குவேக்கர்களிடம் விசுவாசப் பிரமாணம் கிடையாது, அதனால் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் இத்தனை வருடம் அந்த மௌனத்தில் அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். உலகக் குவேக்கர் எல்லோரும் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். குவேக்கர்கள் அதிகம் வாழும் நாடு கென்யா. 1902-இல் கைமோசியில் தொடங்கிய மிஷன் வழி வந்த அந்தச் சபைகளில் பாஸ்டர் உண்டு, பிரசங்கம் உண்டு, பாட்டு நிறையவே உண்டு. உங்களுக்குக் கீர்த்தனை பாடாமல் முடியவில்லை என்றால், ஞாயிறு சாயங்காலம் ஒரு தமிழ் சபைக்கும் போய் வாருங்கள். யாரும் தடுக்கப் போவதில்லை. ஒன்றை விட்டால்தான் மற்றது என்ற கட்டாயம் உங்களுக்கு இப்போது இல்லை.

தமிழில் ஜெபிக்கலாமா? தாராளமாக. வயலூசிங்கில் உல்மனுக்கும் இதே சங்கடம் வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் திணறவே, அவர்களை விட்டுவிடச் சொல்லி ஆங்கிலத்திலேயே ஜெபித்தார். ஆங்கிலம் தெரியாத பாப்புனஹாங் என்ற தலைவர், சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தன்னால் உணர முடிந்தது என்று பிறகு சொன்னதாக உல்மன் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்டரிடம் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இந்த ஜெபம் எனக்கு மட்டும் வந்ததா, எல்லோருக்குமா என்று ஒரு தடவை யோசியுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது பேசியிருந்தால் கொஞ்ச நேரம் விட்டு எழுந்திருங்கள். சுருக்கமாக ஜெபியுங்கள், ஒரு ஆராதனையில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்வது உங்கள் விருப்பம். டீ நேரத்தில் நிச்சயம் யாராவது வந்து கேட்பார்கள், அந்தப் பேச்சிலேயே எல்டரிடம் நாளும் குறித்துவிடலாம்.