கோடைக் குளத்தில் மீன்கள் மிதப்பது ஏன்?

கோடை முதிர்ந்து குளங்கள் வற்றும் ஆவணி, புரட்டாதி மாதங்களில், அதிகாலையிலே மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு நீரின் மேல்வந்து நிற்பதையும், சில செத்து மிதப்பதையும் வரண்ட வலயத்துக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். உடனே, குளத்தருகில் வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ மருந்து தெளித்தவர்மீது ஐயம் எழும். அயலவரிடையே பகையும் மூளும். நஞ்சினால் மீன்கள் இறப்பதுண்டு. ஆயினும் பல வேளைகளில் உண்மைக் காரணம், நீரின் வெப்பம் ஏறுவதனால் உண்டாகும் பிராணவாயுக் குறைவேயாகும்.

நீரிலுள்ள பிராணவாயு

மீன் தன் செவுள்களினால், நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் எனப்படும் பிராணவாயுவை எடுத்து உயிர் வாழ்கின்றது. ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. ஒரு லீற்றர் நன்னீரிலோ 10 மில்லிகிராம் இருப்பதும் அரிது. ஆகவே மீனின் கையிருப்பு எப்பொழுதும் சிறியதே.

நீர் சூடேற ஏற இக்கையிருப்பு மேலும் குறையும். 20 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் 9.1 மில்லிகிராம் வரை பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் இது ஏறத்தாழ 7.5 ஆகவும், 35 பாகையில் ஏறத்தாழ 7 ஆகவும் குறைகின்றது.

வரவு குறையச் செலவு கூடும்

மனிதரின் உடற்சூடு பெரும்பாலும் மாறாது. மீனின் உடற்சூடோ நீரின் சூட்டைப் பின்பற்றி ஏறி இறங்கும். உடல் சூடேறினால் உள்ளே நிகழும் தொழில்கள் யாவும் விரைவுபெறும். பொதுவாக, மீன் தாங்கக்கூடிய எல்லைக்குள், நீரின் வெப்பம் 10 பாகை ஏறும்பொழுது அது செலவிடும் பிராணவாயு ஏறத்தாழ இரு மடங்காகும். அத்துடன், சேற்றிலுள்ள வைக்கோல், சாணம், இலைகுழை முதலியவற்றை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் வெந்நீரில் விரைந்து பெருகிப் பிராணவாயுவை உண்ணும். விளைச்சல் குறைந்த ஆண்டில் உண்போர் தொகை இரட்டித்த குடும்பத்தின் நிலையே கோடைக் குளத்தின் நிலையாகும்.

விடியற்காலை ஆபத்து

பகலிற் பாசியும் நீர்ப்பூண்டுகளும் சூரிய ஒளியின் உதவியால் பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அவையும் மீனைப்போல அதனைச் செலவிடும். ஆகையால் பிராணவாயு மிகக் குறையும் நேரம் விடியற்காலையாகும். பாசி அடர்ந்து நீர் கடும்பச்சையான குளத்தில் இக்குறைவு கொடியது. காற்றில்லாத மப்பு நாட்களின் பின்னும், நீண்ட வரட்சியின்பின் முதல் மழை குப்பைகூளங்களை அடித்துவந்து சேற்றைக் கலக்கும்பொழுதும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

விரால், பனையேறிக் கெண்டை முதலியன வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. ஆதலால் பெரும்பாலும் தப்பிவிடும். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் பிராணவாயுக் குறைவை ஓரளவு பொறுக்குமாயினும், அதற்கும் எல்லையுண்டு.

நஞ்சா, மூச்சுக் குறைவா?

மூச்சுக் குறைவாயின் மீன்கள் விடியலில் மேல்வந்து வாயைப் பிளக்கும்; வெயில் ஏறியபின் எஞ்சியவை தெளிந்து கீழே செல்லும். பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் இறக்கும். நஞ்சாயின் எந்நேரத்திலும் இறப்பு நிகழலாம். சிறியவை பெரியவை என்ற வேறுபாடின்றி மீன்களும், நீர்ப்பூச்சி முதலிய பிற உயிர்களும் மாளக்கூடும். இவற்றை நோக்காது ஒருவர்மீது பழி சுமத்துதல் தகாது. நஞ்சென்ற ஐயம் இருப்பின் அம்மீனை உண்ணலாகாது; அந்நீரைக் கால்நடைகளுக்குக் காட்டவும் கூடாது. அதிகாரிகளுக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. குளத்தின் கடைசி நீரையும் தோட்டத்துக்கு இறைத்துவிடலாகாது. ஆழங்குறைந்த நீர் விரைவிற் சூடேறும். மீனுக்கும் மாட்டுக்கும் விடவேண்டிய நீரின் அளவைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்னரே தீர்மானித்தல் நன்று.

2. நீர் வற்றுமுன் பெரிய மீன்களைப் பிடித்து உணவாக்குக. எஞ்சியவற்றுக்கு மூச்சு மிஞ்சும்.

3. வைக்கோல், சாணம், தோட்டக் கழிவு ஆகியவற்றைக் குளத்தில் இடாது எருக்குழியிற் சேர்க்க.

4. இரசாயனப் பசளையை அளவோடு இடுக. வயலிலிருந்து வழிந்தோடும் பசளை குளத்திற் பாசியை வளர்க்கும்.

5. எருமைகள் படுத்துச் சேற்றைக் கலக்குவதற்கு ஒரு மூலையை மட்டும் ஒதுக்குக.

6. சிறு குட்டையில் மீன்கள் மேல்வந்து தவித்தால், நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாயை மேல்நோக்கிப் பிடித்து, குட்டை நீரையே அதனுள் மழைபோல் விழச்செய்க. நீர் காற்றுடன் கலந்து பிராணவாயுவைப் பெறும்.

7. இறந்த மீன்களை உடனே அகற்றிப் புதைக்க. அவை அழுகினால் எஞ்சிய பிராணவாயுவும் போய்விடும்.

குளம் நெல்லுக்கு நீர் தருவதோடு வீட்டுக்கு மீனும் தருகின்றது. கோடையில் இரண்டு முழ நீரைக் காத்தவன், அடுத்த மாரிக்கு வேண்டிய மீன்வித்தையும் காத்தவனாவான்.