கால் பெருவிரலில் தொடங்கும் பாடம்

கவுட் பெரும்பாலும் முதலில் தாக்கும் இடம் கால் பெருவிரலின் அடி மூட்டு. முதல் மெட்டாடார்சல் எலும்பின் தலையும் பெருவிரலின் முதல் எலும்பும் சேருமிடம் அது. எட்டு வைக்கும்போதெல்லாம் உடல் எடை அதன் வழியாகத்தான் முன்னே செல்கிறது. இதயத்திலிருந்து தொலைவில் இருப்பதால் அங்கே சூடும் குறைவு. 37 டிகிரி செல்சியஸில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மி.கி. வரை கரைந்து நிற்கும் யூரேட், சூடு குறையக் குறையப் படிகமாகப் பிரியும். உடற்கூறியலையும் உயிர்வேதியியலையும் சேர்த்துப் படித்தவருக்கு, பெருவிரல் ஏன் என்ற கேள்விக்கான விடை மனப்பாடமின்றியே நினைவில் நிற்கும்.

யூரேட் படிகங்களை விழுங்கும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியிட, நியூட்ரோஃபில்கள் மூட்டுக்குள் திரள்கின்றன. நோயாளி நள்ளிரவில் வலியோடு விழிக்கிறார். விடிவதற்குள் விரல் சிவந்து, பளபளத்து, போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. மருந்தே இல்லாவிட்டாலும் ஓரிரு வாரத்தில் அது தானாக அடங்கும். அதனாலேயே பலர் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவிவிட்டுக் காலம் கடத்துகிறார்கள்.

வார்டில் மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ரத்தப் பரிசோதனை. வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமில அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். அதை நம்பி நோயை விலக்கக் கூடாது. அளவு கூடியிருப்பதாலேயே கவுட் என்று முடிவு செய்யவும் கூடாது. அப்படிக் கூடியவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டு வலி வருவதே இல்லை. உறுதியான சான்று மூட்டு நீரில்தான் கிடைக்கும். முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் யூரேட் படிகம் ஊசி போலத் தெரியும். ஒளி ஈடுசெய் தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடந்தால் மஞ்சள், குறுக்கே கிடந்தால் நீலம். போலிக் கவுட்டின் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகத்தில் இது தலைகீழ். படிகம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கிருமி வளர்ப்புச் சோதனையைக் கைவிடக் கூடாது. சீழ் மூட்டும் கவுட்டும் ஒரே மூட்டில் சேர்ந்திருக்கலாம். சீழைத் தவறவிட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துபோகும்.

நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைக் கேட்காமல் கேஸ் ஷீட்டை மூடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கான தயசைடு, குறைந்த அளவு ஆஸ்பிரின், காசநோய்க்கான பைரசினமைடு ஆகிய மூன்றும் சிறுநீரகம் யூரேட்டை வெளியேற்றுவதைக் குறைப்பவை.

சிகிச்சையில் வேலைகள் இரண்டு. அவற்றைக் குழப்பவே கூடாது. முதல் வேலை அழற்சியை அடக்குவது. நாப்ராக்சென் போன்ற வலி மருந்து, ஸ்டீராய்டு, கொல்ச்சிசின் ஆகியவற்றில் எது என்பதை நோயாளியின் சிறுநீரகமும் வயிறும் சர்க்கரையும் தீர்மானிக்கும். கொல்ச்சிசின் நியூட்ரோஃபிலின் நுண்குழாய்களைக் கட்டிப்போட்டு அதன் நடமாட்டத்தைத் தடுக்கிறது. வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி. கொடுப்பது இன்றைய முறை. பேதியாகும்வரை கொடுத்த பழைய வழக்கம் தேவையற்ற கொடுமை. இதே நஞ்சு தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. அதன் கிழங்கைத் தின்று கடும் வாந்தி பேதியோடு வருபவருக்கு அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் சரியும், பிறகு முடி கொட்டும். அந்த ஒரு நோயாளியைப் பார்த்த மாணவருக்குக் கொல்ச்சிசினின் நச்சு விளைவுகள் மறக்காது. கிளாரித்ரோமைசினோடு சேர்த்தாலும் கொல்ச்சிசின் உடலில் தேங்கி இதே ஆபத்தை உண்டாக்கும்.

இரண்டாம் வேலை யூரேட்டைக் குறைப்பது. ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வில் பிறந்த அலோபூரினால் சாந்தைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கிறது. இருவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர். நாளுக்கு 100 மி.கி.யில் தொடங்கி, சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் குறைத்து, ரத்த அளவு 6 மி.கி.க்குக் கீழே வரும்வரை படிப்படியாகக் கூட்ட வேண்டும். தொடக்க மாதங்களில் பழைய படிவுகள் கரையும்போது வலி திரும்பவும் வரும்; ஆகவே மூன்று முதல் ஆறு மாதம் சிறிய அளவில் கொல்ச்சிசினும் துணைக்கு வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மாத்திரையால்தான் வலி வந்தது என்று நோயாளி நிறுத்திவிடுவார். ஏற்கெனவே அலோபூரினால் எடுப்பவருக்கு வலி வந்தால் அதைத் தொடர வேண்டும். அசாதையோபிரின் எடுப்பவருக்கு இதைச் சேர்ப்பது எலும்பு மஜ்ஜைக்கு ஆபத்து. அசாதையோபிரினும் அதே நொதியால்தான் சிதைகிறது. தோலில் தடிப்பு தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே அலோபூரினாலை நிறுத்திவிட வேண்டும்.